கூப்பிட்டார்கள்... போனோம்!

நம் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ எந்தத் தெருவில் நுழைந்தாலும், ‘என் பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான்’, ‘என் பெண் லண்டன் பக்கம் இருக்கிறாள்’ என்று சொல்ல ஒரு வீடாவது இருக்கும். படிக்கப் போன பிள்ளைகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அவர்களோடு கூடப் போன பெண்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கணவன் காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் பொழுது சாயும்வரை நாலு சுவருக்குள்ளே அவள் ஒருத்திதான். எதிர் வீட்டில் இருப்பது யார் என்றுகூடத் தெரியாது.

அப்படி இருக்கிற பெண்ணுக்கு ஒரு நாள் ஒரு அழைப்பு வரும். ‘சனிக்கிழமை எல்லோரும் பஸ்ஸில் ஓர் ஊருக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள்’ என்று. பல இடங்களில் அப்படிக் கூப்பிடுகிறவர்கள் கிறிஸ்தவ மாணவர் குழுக்கள்தான். உடனே அவள் அம்மாவுக்குப் போன் போடுவாள். “போகலாமாம்மா? மதம் மாத்திடுவாங்களோ? சாப்பாட்டுக்கு என்ன செய்யறது?” அம்மாவுக்கு மட்டும் என்ன தெரியும்? “எதுக்கு வம்பு, வீட்டிலேயே இரு” என்று சொல்லி வைத்துவிடுகிறோம்.

நான் என் மகளோடு அப்படி ஒரு சுற்றுலா போய் வந்தவள். அதனால்தான் நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பிரசவம் பார்க்கப் போன கதை

எங்கள் வீடு ராஜபாளையம். மகளைக் கொடுத்தது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில். மாப்பிள்ளை இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் என்ற ஊரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். 2023-ம் வருஷம் மார்ச் மாதம் மகளுக்கு அங்கேதான் பிரசவம். சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வலி. ஆகவே நான் புறப்பட்டேன். அந்த நாட்டில் பார்வையாளர் விசா பொதுவாக ஆறு மாதம்தான். அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், சுக்கு, பூண்டு எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் மகள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பேச்சுக் கொடுத்தால் ‘ம்’ என்பாள். ஒரு நாள், “நீ போனப்புறம் நான் யாரோட பேசுவேன்?” என்று கேட்டுவிட்டு அழுதாள்.

அந்த நாட்டில் குழந்தை பிறந்த வீட்டுக்கு ‘ஹெல்த் விசிட்டர்’ என்கிற அரசாங்கச் செவிலி வருவார். குழந்தையை எடை போட்டுப் பார்ப்பதோடு, தாயின் மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்பார். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், அது இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார். அந்த நாட்டுச் சுகாதாரத் துறைக் கணக்கில், குழந்தை பெற்ற ஒரு வருஷத்துக்குள் பத்துப் பெண்களில் ஒருத்திக்கு மேல் இந்த மனச்சோர்வு வருகிறதாம். மகளை டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் சொன்ன யோசனைகளில் ஒன்று: “வெளியே போ. நாலு பேரோடு பழகு.”

யாரோடு பழகுவது? அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தார். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கிறிஸ்தவ மாணவர் குழு ஒன்று நடத்துகிற ஒரு நாள் சுற்றுலா. தலைக்குப் பத்து பவுண்டு, கைக்குழந்தைக்குக் காசில்லை. போகிற இடம் லிண்டிஸ்பார்ன் தீவு.

இவர்கள் யார், ஏன் கூப்பிடுகிறார்கள்?

இந்த வழக்கம் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது. உலகத்தில் பல நாட்டுக் கிறிஸ்தவ மாணவர் இயக்கங்கள் ஒன்றுகூடி 1895-ல் ஒரு சம்மேளனம் ஆரம்பித்தன. இந்தியாவில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் தொடங்கியது 1912-ல். இதில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு ரொம்பப் பெருமை. சேலத்தில் பிறந்த கே.டி. பால் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். லண்டனுக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகள் தங்க இடமில்லாமல், பேச ஆளில்லாமல் திண்டாடுவதை அறிந்து 1920-ல் அங்கே இந்திய மாணவர் விடுதி ஒன்று ஏற்படக் காரணமாக இருந்தார். 1953 முதல் அது பிட்ஸ்ராய் சதுக்கத்தில் சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது. எந்த மதத்துப் பிள்ளையானாலும் அங்கே தங்கலாம்.

வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே அமெரிக்காவில் 1953-லும், இங்கிலாந்தில் 1985-லும் தனி அமைப்புகள் தோன்றின. பல்கலைக்கழக ஊர்களில் இவர்களும், உள்ளூர்ச் சர்ச்சுகளும், மாணவர்களும் சேர்ந்து விருந்து வைப்பார்கள், ஆங்கிலம் பேசப் பழக்குவார்கள், சுற்றுலா அழைத்துப் போவார்கள்.

அவர்களுக்கு ஒரு நோக்கம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. தங்கள் சாமியைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு உண்டு. நல்ல குழுக்கள் அதை மறைப்பதும் இல்லை. தனியாக இருக்கிறவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதே அளவு உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் குழப்பமில்லை.

நேராகக் கேட்டேன்

பெயர் கொடுக்கும் முன் அந்தக் குழுவைச் சேர்ந்த மாணவரை வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிடச் சொன்னேன். மலேசியாக்காரப் பையன். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். எனக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். “நாங்க ஆண்டாள் கோயில் ஊர்க்காரங்க. எங்க சாமியை விட்டு வரமாட்டோம். அப்படி இருந்தும் வரலாமா?”

அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். “தாராளமா வாங்க ஆன்ட்டி. அந்த இடத்தில் பத்து நிமிஷம் அதன் கதையைச் சொல்வோம், ஒரு ஜெபம் செய்வோம். இஷ்டமில்லாதவர்கள் அந்த நேரத்தில் கடற்கரையில் நடக்கலாம்.” அப்போதே மூன்று பேர் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

எதைக் கட்டிக்கொண்டு போனோம்?

அங்கே எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். மாப்பிள்ளை ஊரின் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? பால்கோவா கிளறினேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா, லேசுப்பட்டதா! அங்கே கொழுப்பு எடுக்காத முழுப் பால் நீல மூடி போட்ட கேனில் வரும். 2 லிட்டர் பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, நிதானமான சூட்டில் கைவிடாமல் கிளறி, கால் பங்காகச் சுண்டியதும் 200 கிராம் சர்க்கரை சேர்த்தேன். ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கினேன். நம் ஊர் விறகு அடுப்பின் ருசி வராவிட்டாலும் ஏமாற்றவில்லை. புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் எங்களுக்கு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தாளிக்க வேண்டும். கொஞ்சம் புகை கண்டாலும் கூரையிலிருக்கும் புகை மணி ஊரைக் கூட்டிவிடும்!

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை சேர்ந்திருக்கலாம். பஸ்ஸில் நீட்டுகிற ஜெல்லி மிட்டாய் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. உறையைப் படித்துப் பாருங்கள், அல்லது சிரித்தபடி “நோ தேங்க்ஸ்” சொல்லிவிடுங்கள். யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

கடல் வழிவிடும் தீவு

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. நம் ஊரில் வெயில் கொளுத்துகிற மாதம். அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே தலை நீட்ட முடியாது. பஸ் நிறைய ஆட்கள். சீனா, கொரியா, நைஜீரியா, பிரேசில்... நம் நாட்டிலிருந்து எங்களைத் தவிரக் கேரளத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒன்றரை மணி நேரத்தில் கடலோரம் வந்துவிட்டோம்.

அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. கடலின் அடியிலிருந்து எழும்பினாற்போல ஒரு தார்ச்சாலைதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறிச் சாலையை மூடிவிடும். தண்ணீர் வடிந்த நேரத்தில்தான் போக வேண்டும், வர வேண்டும். இன்னின்ன நேரம் பத்திரமானது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை மதிக்காமல் போய்க் காரோடு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டாம். அவர்கள் ஏறித் தப்பிக்கச் சாலை ஓரத்தில் கால் வைத்த ஒரு மரக் கூண்டே கட்டி வைத்திருக்கிறார்கள்! நம் சதுரகிரியிலும் நேரம் பார்த்துத்தானே மலையேற விடுகிறார்கள், அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

சாலைக்குப் பக்கத்தில் மணலிலே உயர்ந்த கம்பங்கள் வரிசையாக நட்டிருக்கிறார்கள். பழைய நாளில் யாத்திரைக்காரர்கள் வந்த பாதை அது. இன்றைக்கும் சிலர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வெறுங்காலோடு நடந்து வருகிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கண்முன் வந்தார்கள்.

தீவில் கொஞ்சம் வீடுகள்தான். 635-ம் வருஷம் ஏய்டன் என்ற துறவி வந்து அங்கே மடம் அமைத்தாராம். 793-ல் கடல் வழியாக வந்த வைக்கிங் கொள்ளைக்காரர்கள் அதைச் சூறையாடினார்கள். பிற்காலத்தில் கட்டிய மடாலயம் செங்கல் நிறக் கல்லில் இடிந்து நிற்கிறது. நடுவில் ஒரு வளைவு மட்டும் எந்தப் பிடிமானமும் இல்லாதது போல வானத்தில் நிற்பதைப் பார்க்க ஆச்சரியம். குன்றின் மேல் ஒரு கோட்டை. அதன் பக்கத்தில் பழைய மீன்பிடிப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுக் கதவு வைத்துச் சாமான் அறையாக்கியிருக்கிறார்கள். பழசை வீணாக்காத அந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது!

சொன்னபடியே இடிந்த மடத்தில் பத்து நிமிஷம் கதை சொன்னார்கள். கேட்டோம். ஜெபம் நடந்தபோது நான் பேசாமல் நின்றேன். கைகூப்பச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சீனத்துப் பெண்கள் நாலு பேர் அந்த நேரத்தில் கடற்கரைக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மகள் வாய் திறந்தாள்

மதியம் காற்றுக்கு மறைவாகச் சுவர் ஓரத்தில் துணி விரித்துச் சாப்பாடு. கூட வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், “ஆளுக்கு இரண்டு நிமிஷம் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார். நைஜீரியாப் பெண் தன் ஊர்ச் சந்தையைப் பற்றிச் சொன்னாள். கொரியாப் பையன் ஊறுகாய் போடுவதைச் சொன்னான். என் மகள் முறை வந்தது. பேசமாட்டாள் என்று நினைத்து, நானே பால்கோவா டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினேன்.

“இது எங்க மாமியார் ஊர் ஸ்வீட்” என்று அவளாகவே ஆரம்பித்தாள். போனில் கோபுரத்தின் படத்தைக் காட்டினாள். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரார் பெருமைப்படுகிற கோபுரம், பதினொரு நிலை, 192 அடி உயரம் என்றாள். அந்தக் கோயிலில் வளர்ந்த ஒரு பெண், சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்த கதையைச் சொன்னாள். அந்தப் பெண் பாடிய திருப்பாவையில் முப்பது பாட்டு, மார்கழி மாதம் விடியற்காலையில் ஊரே பாடும் என்றாள். இரண்டு நிமிஷம் பத்து நிமிஷமாகிவிட்டது. கேள்வி மேல் கேள்வி. டப்பா காலி!

ஆசிரியை அம்மாள் பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நைஜீரியாப் பெண்ணுக்கும் ஐந்து மாதக் குழந்தை இருந்தது. “முதல் மூன்று மாதம் நானும் தினமும் அழுதேன்” என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். என் மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் குழந்தைகளைச் சுமந்துகொண்டு கோட்டை வரை நடந்துபோனார்கள். அவர்கள் என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடல் ஏறுமுன் பஸ் புறப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு?

ஒரு நாள் சுற்றுலாவில் மனச்சோர்வு பறந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். டாக்டர் கொடுத்த சிகிச்சை தொடர்ந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் போக ஓர் இடம் கிடைத்தது. பக்கத்துச் சர்ச் மண்டபத்தில் கைக்குழந்தைக்காரிகள் கூடுவார்கள். குழந்தைகள் தரையில் தவழும், அம்மாமார் டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள். வாராவாரம் பைபிள் வகுப்புக்கும் கூப்பிட்டார்கள். “வேண்டாம், தேங்க்ஸ்” என்று மகள் சொன்னாள். அதனால் அவர்கள் சிநேகத்தில் குறை வரவில்லை. நான் ஜூலையில் ஊர் திரும்பியபோது விமான நிலையத்துக்கு மகளோடு வந்தவள் அந்த நைஜீரியாப் பெண்தான்.

போகிறவர்கள் கவனிக்க...

* நடத்துகிறவர்கள் யார், பல்கலைக்கழகத்தில் அவர்களைத் தெரியுமா என்று விசாரியுங்கள். பல பல்கலைக்கழகங்களில் எல்லா மதத்து மாணவர்களுக்கும் உதவ ஓர் அலுவலகம் உண்டு. அங்கே கேட்டால் சொல்வார்கள்.

* ஜெபம், பிரசங்கம் உண்டா என்று முன்னாலேயே கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவர்களோடு போகலாம். மழுப்பினால் வேண்டாம்.

* பாஸ்போர்ட்டைக் கேட்டாலோ, திரும்பத் திரும்பப் பணம் கேட்டாலோ, ‘வீட்டில் சொல்லாதே’ என்றாலோ, குடும்பத்தாரிடமிருந்து பிரிக்கப் பார்த்தாலோ உடனே விலகிவிடுங்கள். எந்த மதத்தின் பெயரால் கூப்பிட்டாலும் இதுதான் விதி.

* போகிற இடம், திரும்பும் நேரம், கூட வருகிறவரின் போன் நம்பர் மூன்றையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

* புடவையானால் உள்ளே கதகதப்பான உடுப்பும், காலுக்குக் கம்பளிக் காலுறையும் ஷூவும் வேண்டும். செருப்பு உதவாது. ஒரே கனமான கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய உடுப்பு நல்லது.

* பஸ்ஸில் குமட்டல் வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். பிளாஸ்க்கில் இஞ்சி டீ இருந்தால் நல்லது.

* கைக்குழந்தைக்குத் தொப்பி, மாற்றுத்துணி இரண்டு ஜோடி. பால் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். அந்த நாட்டில் பொது இடத்தில் தாய்ப்பால் கொடுப்பதைத் தடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது.

* வெறுங்கையோடு போகாதீர்கள். நம் ஊர்ப் பண்டம் ஒரு டப்பா இருந்தால், இங்கிலீஷ் வராவிட்டாலும் பேச்சு வரும்!

இங்கே இருக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. போனில் மகளின் குரல் வாரக்கணக்கில் சோர்ந்திருந்தால், ‘சரியாகப் போகும்’ என்று விட்டுவிடாதீர்கள். அங்கே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நம் நாட்டிலேயே இருக்கும் பெண்களுக்கு 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ மனநல உதவி இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

நாமும் கூப்பிடலாமே

கடைசியாக ஒன்று. கிருஷ்ணன்கோவில் பல்கலைக்கழகத்தில் வெளி மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ராஜபாளையம் மில்களில் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் வேலை பார்க்கின்றன. அந்தப் பெண்களும் கைக்குழந்தையோடு ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். நம் பெண்ணை யாரோ ஒருவர் அங்கே கூப்பிட்டார்கள் அல்லவா? நாம் இங்கே ஒருத்தியைக் கூப்பிட்டால் என்ன?

நம்மிடம் இடத்துக்கா பஞ்சம்? வனத்துறை அனுமதிக்கிற நாளாகப் பார்த்து அய்யனார் கோயில் அருவிக்குப் போகலாம். செண்பகத்தோப்புக்குப் போகலாம். 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமான மலை அது. 2021-ல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு வேன், ஒரு தூக்குவாளி புளியோதரை, ஒரு டப்பா பால்கோவா போதும். கோயிலுக்கு வர இஷ்டமில்லாதவர்கள் வெளியே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கட்டும். சாப்பிடும்போது, “உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க” என்று கேளுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.